பாலம் கடந்த முகம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வாயாடியும் நலம். நீயும் அத்தானும் நலம்தானே? உன் கழுத்து வலி தேவலையா?

கடிதம் எழுதும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கோழிக் கிறுக்கலாக இருக்கிறது என்று திட்டாதே. போன் வேண்டாம், கடிதமே போடு, அதையும் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பேருக்குப் போடு என்று சொன்னவள் நீதான். ஊருக்கெல்லாம் போனில் வசதி செய்து தருகிறவள் சொந்தத் தங்கையைத் தபால்தலை ஒட்டச் சொல்கிறாளே என்று முதலில் சிரிப்பு வந்தது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் வாயாடியின் அப்பா எங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேலை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வண்டி வண்டியாக வரும். துவைத்ததை உருளை மெஷின் தேய்த்துத் தள்ளும். அதை எதிரும் புதிருமாக இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். என் எதிரே நிற்பவள் என்னைவிட ஒரு முழம் உயரம், அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பக்கம் விரிப்பு எப்போதும் மேலே தூக்கியிருக்கும், நான் நுனிக்காலில் நின்று ஈடு கட்டுகிறேன். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டேன். இங்கே எப்படியும் தொப்பி போட்டுத்தான் ஆக வேண்டும்.

பேரையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடுகிறேன். அதனால் எனக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதலாளியம்மா சத்தக்காரி, மெஷினை மீறித் திட்டுவார். ஆனால் பள்ளி விட்டதும் வாயாடி வந்து துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்.

பெரியம்மா என்ன வேலை செய்கிறாள் என்று நேற்று வாயாடி கேட்டாள். போனுக்குள் பாலம் கட்டுகிறாள் என்றேன். “போனுக்குள்ள ஆறு ஓடுதா?” என்றாள். எனக்கு என்ன தெரியும்? நீயே எழுதிவிடு.

பதிலைச் சலவைக்கூடத்து முகவரிக்குப் போடு. உறைமேல் எழுத வேண்டிய பேரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் மூச்சு விடாதே, அவளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

இப்படிக்கு,
உன் சின்னவள்

ஜனவரி 29

அடி சின்னவளே,

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம். கழுத்து அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாதே. உன் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கியது. தோள் எப்படி இருக்கிறது? விரிப்பு மடிக்கிறேன் என்று வீரம் காட்டி அந்தத் தோளைத் தூக்காதே. நெட்டையை இடம் மாறி நிற்கச் சொல், வாய் இருக்கிறதல்லவா?

வாயாடிக்குப் பதில். எல்லோர் போனிலும் இருக்கிற அந்தப் பெரிய செயலியை ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொள்ளச் சொல். அதற்குள் குட்டிக் குட்டிக் கடைகள் இருக்கின்றன. டாக்சி கூப்பிட ஒன்று, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்க ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. இவைதான் குட்டிச் செயலிகள். கடை வைத்திருப்பவர்கள் வெளியாட்கள், எங்கள் ஆட்கள் இல்லை. கடைக்காரனுக்குச் சொந்தமாகக் கேமரா கிடையாது, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாது, உன் போனில் யார் யார் பேர் இருக்கிறது என்றும் தெரியாது. எது வேண்டுமானாலும் கட்டடத்துக்காரனிடம் கேட்க வேண்டும். அவன் போனிடமிருந்து வாங்கிக் கொடுப்பான். அப்படிக் கேட்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் உன் பெரியம்மா. யாருக்கு எதைக் கொடுக்கலாம், யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று பார்த்துக் கொடுப்பதுதான் பாலம். ஆறு ஓடவில்லை என்று சொல். முதலை இருக்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடு.

விரல்களுக்குக் களிம்பு தடவு. கை வெந்துபோனால் யார் பார்ப்பார்கள்?

ஒரு விஷயம். உங்கள் சலவைக்கூடத்தில் வேலைக்கு வந்ததை எப்படிக் குறிக்கிறார்கள்? கையெழுத்தா, விரல் ரேகையா, வேறு ஏதாவதா? சும்மாதான் கேட்கிறேன். எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். தோள் பரவாயில்லை, குளிர் நாளில் மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

வாயாடிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைத் துணி மூட்டையில் தொலைத்துவிட்டாள். எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் எந்த நோயாளி தலையணை உறையை உதறும்போது பல் விழப்போகிறதோ என்று நெட்டை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உன் கட்டடக் கதையை வாயாடி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க அக்கா கட்டட வேலையா செய்றாங்க என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே கையெழுத்துதான். வாசலில் பெரிய நோட்டு, கயிற்றில் கட்டின பேனா. அந்தப் பேனா பாதி நாள் எழுதாது. முதலாளியம்மாவுக்கு இப்போது புதுப் போன் மோகம். யார் யாரோ வந்து என்னென்னவோ விற்றுவிட்டுப் போகிறார்கள். அவரும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எங்களைத் திட்டுகிறார்.

நீ எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. ஏன் கேட்டாய்? அவர் அங்கே வந்தாரா? என்னைப் பற்றி விசாரித்தாரா? மறைக்காமல் எழுது.

உன் சின்னவள்

மார்ச் 16

அடி சின்னவளே,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. அத்தானுக்கும் சளி, இப்போது பரவாயில்லை.

அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

வாயாடியின் பல் கதையை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், இருமி இருமிச் சிரித்தார். புதுப் பல் கோணலாக முளைத்தால் நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல். உனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, அதனால்தான் உன் பல் இன்றைக்கும் அப்படி இருக்கிறது.

இன்னொன்று. உன் முதலாளியம்மா போனில் முகம் காட்டி வருகை பதிகிற ஏதாவது வாங்கினால், அன்றைக்கே எனக்கு எழுது. அதுவரை முகத்தைக் காட்டாதே. கண்ணில் வலி என்று சொல், கட்டுப் போட்டுக்கொள், என்ன பொய் வேண்டுமானாலும் சொல். உனக்குத்தான் பொய் சரளமாக வருமே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

நலம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். “வீட்டுப் பக்கம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் எந்தப் பக்கம் வந்தார்?

நீ எதையோ விழுங்குகிறாய். சின்ன வயதில் என் பொம்மையை உடைத்துவிட்டு அதன் துணியைப் பற்றி மட்டும் பேசினாயே, அதே மாதிரி பல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைக்கிறாய். தெரியாமல் இருப்பதுதான் அக்கா எனக்கு அதிகப் பயம். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

முதலாளியம்மா நோட்டைத் தூக்கி எறியப் போகிறாராம், போனில் முகம் காட்டும் ஏற்பாடு வருகிறது என்று பேச்சு. ஏன் காட்டக் கூடாது என்று முழுசாகச் சொல்.

சின்னவள்

ஏப்ரல் 5

என் சின்னவளுக்கு,

உட்கார்ந்து படி. குழந்தை பக்கத்தில் இருந்தால் பிறகு படி.

அவன் என் அலுவலகத்துக்கு வருகிறான். வீட்டுக்கு வரவில்லை என்று நான் எழுதியது உண்மை, ஆனால் பாதி உண்மை. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தான் அல்லவா, அதை விட்டுவிட்டு எங்கள் செயலிக்குள் ஒரு குட்டிச் செயலி போட்டிருக்கிறான். சின்னச் சின்னத் தொழிற்கூடங்களுக்கு வருகைப் பதிவு. வேலையாள் போனைப் பார்த்தால் போதும், வந்ததாகக் குறித்துக்கொள்ளும். விலை குறைவு, எல்லோரும் வாங்குகிறார்கள். பிழைப்புக்காகத் தொடங்கினானா, உன்னைத் தேடவே தொடங்கினானா என்று எனக்கே தெரியவில்லை.

முறையாகப் பார்த்தால் இதில் பயமே இல்லை. முகத்தை எங்கள் பக்கத்திலேயே ஒப்பிட்டுவிட்டு, “ஆம், இவர்தான்” அல்லது “இல்லை” என்று ஒரு வார்த்தையை மட்டும்தான் பாலத்தின் வழியாக அவனிடம் அனுப்ப வேண்டும். படம் பாலத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் தொடக்கத்தில் சோதனை செய்தபோது, படம் கலங்கலாக வருகிறதா என்று பார்க்கச் சில கடைக்காரர்களுக்கு மட்டும் படத்தையே அனுப்பினோம். சோதனை முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்திருக்க வேண்டும். யாரும் அழிக்கவில்லை. அவன் பேர் அதில் முதலில் இருக்கிறது. நீ முகம் காட்டினால் உன் முகம் நேரே அவன் மேசைக்குப் போய்விடும். பேரை மாற்றிக்கொண்டாய், முடியை வெட்டிக்கொண்டாய், முகத்தை என்ன செய்வாய்?

அவனை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடிக்கும், அதுதான் கொடுமை. பிழை கண்டுபிடித்தால் பணிவாக எழுதுகிறான், சரிசெய்தால் நன்றி சொல்கிறான். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான், உறவு என்று மட்டும் யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை. போன மாதம் கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னான், “முகம் மட்டும் தெளிவா வந்தாப் போதுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்.” உன் தோளை முறுக்கின கையால் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தான். நான் குடித்தேன், சின்னவளே. குடிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னேன். நம்ம பெஸ்ட் ஆளை ஏன் எடுக்கணும், என்ன காரணம் என்று கேட்கிறார். காரணத்தைச் சொன்னால் அவர் அவனிடமே போய்க் கேட்பார். நான் உன்னோடு தொடர்பில் இருக்கிறேன் என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது என்ன ஆனது? அவனையே கூப்பிட்டு, சமாதானமாகப் போங்கள் என்று அவன் வண்டியிலேயே உன்னை ஏற்றி அனுப்பினார்கள். இன்னொரு தடவை அதை நான் பார்க்கமாட்டேன்.

வழி தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்தப் போன் முன்னால் நிற்காதே. வேலை போனால் போகட்டும். இந்தக் கடிதம் வந்ததற்கு ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 28

சின்னவளே,

சுகமா? பதில் இல்லை. தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி அவளுக்கே சலித்துவிட்டது, “வந்தா நானே கொண்டாந்து தரமாட்டேனா?” என்கிறாள்.

உன் முகம் எங்கள் பக்கத்தில் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க என்னால் முடியும். தேடினால் யார் தேடினது, யாரைத் தேடினது என்று பதிவாகிவிடும். வாடிக்கையாளர் விவரத்தைத் திறந்தால் வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை, ஆனால் நான் உன்னைத் தேடின தடம்தான் அவனுக்கு வழிகாட்டும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் பிடிக்கிறது.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு நலமாக இருக்கிறோம். உன்னைத் தவிக்க விட்டதற்கு மன்னித்துக்கொள்.

சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதவில்லை. நான் முகம் காட்டிவிட்டேன். மார்ச் மாதமே. முகம் காட்டாதே என்று நீ எழுதின கடிதம் வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால். காலையில் வாசலில் வரிசை நின்றது, நோட்டைக் காணோம், முதலாளியம்மா போனை நீட்டிக்கொண்டிருந்தார். தொப்பியும் போட்டிருந்தேன், யோசிக்கவே இல்லை, பார்த்தேன். “வருக” என்று ஒரு பெண் குரல் சந்தோஷமாகச் சொன்னது. உனக்கு எழுதும்போது அதைச் சொல்லாமல், பேச்சு நடக்கிறது என்று எழுதினேன். எதையோ விழுங்குகிறாய் என்று உன்னைத் திட்டின அதே தாளில்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த பிறகு தினமும் மூட்டை கட்டத்தான் நினைத்தேன். கட்டவில்லை. யாரும் வரவில்லை, ஒருவேளை பார்த்திருக்கமாட்டார், ஆயிரம் முகத்தில் ஒரு முகம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயாடிக்கு இங்கே ஒரு தோழி கிடைத்திருக்கிறாள் அக்கா. மூன்றாவது ஊரில்தான் ஒரு தோழி. அவளை எப்படி இழுத்துக்கொண்டு போவேன்?

நேற்று முதலாளியம்மாவுக்கு ஒரு போன் வந்தது. அந்த வருகைப் பதிவுக் கம்பெனியிலிருந்து. எல்லாம் வசதியாக இருக்கிறதா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், புதிதாக யாராவது சேர்ந்தார்களா, கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் பெரிய ஏற்பாடு செய்து தரலாம் என்று தேனாகப் பேசினாராம். முதலாளியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. உனக்குக் கணக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். எனக்கு விரிப்பு கையிலிருந்து நழுவிவிட்டது.

அவர் குரல்தான். கேட்காமலே தெரியும். என்ன செய்யட்டும்?

சின்னவள்

மே 17

சின்னவளே,

நீ இதைப் படிக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நலமாக இரு, நலமாக இரு, நலமாக இரு.

உன் கடிதம் வந்த மறுநாளே வேலையைத் தொடங்கினேன். உன்னைப் பற்றிப் பேசாமலே பட்டியலை மூட ஒரு வழி தோன்றியது. என் முகத்தையே கொடுப்பது. அவன் செயலியில் சோதனைக்காக ஒரு போலித் தொழிற்கூடத்தை ஏற்படுத்தி, என்னை வேலையாளாகச் சேர்த்து, முகம் காட்டினேன். பிறகு தணிக்கை அம்மாவை ஒரு கூட்டத்துக்கு அழைத்தேன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பயப்படுகிற ஒரே ஆள். மேலாளர் இருந்தார், அவனும் இருந்தான். உங்கள் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று காட்டுங்கள் என்றேன். ஆசையாகத் தன் கணினியைப் பெரிய திரையில் போட்டான். சுவர் முழுக்க என் முகம்.

தணிக்கை அம்மா கேட்டாள், படம் எப்படி வெளியே வந்தது, ஒரு வார்த்தைதானே வர வேண்டும் என்று. நான் அந்தப் பட்டியலைக் காட்டினேன். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

அப்போது அவன் பேசினான். அவனுக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. “படம் எதுக்குன்னா, சில சமயம் அடையாளமே தெரியாம வரும். இப்ப இதைப் பாருங்க,” என்று இன்னொரு படத்தைத் திறந்தான். நீ. தொப்பி, கன்னம் ஒட்டி, ஆவியில் கலங்கின மாதிரி, பின்னால் வெள்ளைத் துணி. திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். “உங்களுக்கு இது யாருன்னு தெரியுதாங்க?”

அவனுக்கு நிச்சயம் இல்லை, சின்னவளே. அதை என் முகத்தில் படிக்கத்தான் அங்கே அத்தனை பேர் முன்னால் கேட்டான். உன் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக உன்னைப் பார்க்கவில்லை? எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட வேண்டும் போலிருந்தது. மேசைக்கு அடியில் என் கையை நானே கிள்ளிக்கொண்டு, “தெரியலை. படம் சரியில்லை,” என்றேன். காது இரண்டும் கொதித்தது. அவன் தலையாட்டிவிட்டுத் திரையை மூடினான்.

அன்று மாலையே பட்டியல் அழிந்தது. மாற்றத்தை நானே எழுதினேன். இனி எந்தக் கடைக்காரனுக்கும் யார் முகமும் போகாது. அவன் செயலியையும் விசாரணை முடியும் வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பாலத்தை அடைத்துவிட்டேன். ஏற்கெனவே கடந்து போன உன் படத்தை மட்டும் என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

கடிதத்தை நம்பிக் காத்திருக்க முடியாமல், தையல்காரம்மா போனிலிருந்து சலவைக்கூடத்தைக் கூப்பிட்டேன். நீ அங்கே சொல்லியிருக்கிற பேரைச் சொன்னேன். “அப்படி யாரும் இங்க வேலை செய்யலையே,” என்று ஓர் அம்மா சொன்னார். நான் அக்கா, சொந்த அக்கா என்றேன். அழுதேன். வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நீ எங்கே இருக்கிறாய்? அவன் வந்துவிட்டானா? குழந்தை எங்கே? கடவுளே, இதை யாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?

அக்கா

ஜூலை 3

என் அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். முதலில் இதைத்தான் நீ தேடுவாய் என்று முதலில் எழுதிவிட்டேன். அத்தான் நலமா? நீ சாப்பிடுகிறாயா?

உன் கடைசிக் கடிதம் எனக்குக் கிடைத்தது. முதலாளியம்மா கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் போன் வந்த பிறகு இரண்டு நாள் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, “யாருக்குப் பயப்படுற?” என்று கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார், அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கே எங்களைத் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள், அக்கா என்று சொன்னாலும் சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நீதான் பேசினாய் என்று பிறகு தெரிந்து நாள் முழுக்க அழுதேன். ஆனால் அவர் செய்தது சரி. அக்கா என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவன் வந்தான். உன் கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள். செயலியைப் பழுது பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு நேரே மடிக்கிற கூடத்துக்குள் வந்து, என் படத்தைக் காட்டி மெதுவாக விசாரித்திருக்கிறான். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று முதலாளியம்மா சொல்லச் சொல்ல, அவன் குரல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் எல்லோர் முன்னாலும் கத்தினானாம், “என் பொண்டாட்டி எங்கன்னு கேக்குறேன்!” தேன் எல்லாம் வடிந்துவிட்டது. நெட்டை விரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் வந்து நாலைந்து நாளிலேயே நின்றுவிட்டாள், வேலை தெரியாது, காதும் கேட்காது என்று சொன்னாளாம். அத்தனை பேரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். நெட்டை வந்து நடித்துக் காட்டினாள். சிரித்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது அங்கே மறுபடியும் நோட்டுதான்.

நாங்கள் அங்கிருந்து கிளம்பி நாளாகிவிட்டது. புது இடம், புது வேலை, புதுப் பேர். வாயாடி தோழியை நினைத்து இன்னும் அழுகிறாள். உன்னையும்தான் கேட்கிறாள்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. முகவரி இல்லை. பழைய சலவைக்கூடத்துக்குத் துணி ஏற்ற வருகிற லாரிக்காரர் இந்தப் பக்கம் வந்தார், அவரிடம் கொடுத்து, போகிற வழியில் எங்கேயாவது தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். எந்த ஊர் முத்திரை விழும் என்று எனக்கும் தெரியாது. முதலாளியம்மாவையும் கேட்காதே, அவர் சொல்லமாட்டார்.

உன்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. உலகத்தில் நான் நம்புகிற ஒரே ஆள் நீ. அதுதான் அவனுக்கும் தெரியும். அதனால் அவன் மறுபடியும் உன்னிடம்தான் வருவான். இனிக்க இனிக்கப் பேசுவான், பாட்டிலைத் தள்ளி வைப்பான், கேட்பான். பொய் சொன்னால் உன் காது சிவக்கும் என்பதை எங்கள் கல்யாண வீட்டிலேயே சொல்லிச் சிரித்தவன் அவன். அன்றைக்கு அந்த அறையில் உன் காதைப் பார்த்துத்தான் அவன் சலவைக்கூடத்துக்கு வந்தான். நான் உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. எனக்காக நீ அவ்வளவும் செய்தாய்.

உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எழுதக்கூட முடியாது என்பது இன்னும் தாங்கவில்லை. வாயாடி பெரியவளாகி, யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று ஆகும் நாளில் நானே உன் வாசலில் வந்து நிற்பேன். அதுவரை அவன் எத்தனை தடவை வந்து கேட்டாலும், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என்று நேரே அவன் கண்ணைப் பார்த்துச் சொல். காது சிவக்காது. உனக்கு உண்மையாகவே தெரியாது.

கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

சின்னவள்